கட்டம் போட்டு இறங்கிய மலை

திருமலைக்கு இரண்டு சாலைகள். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. ஏறும் சாலையில் இறங்க முடியாது, இறங்கும் சாலையில் ஏற முடியாது. பாதியில் வண்டியைத் திருப்பவும் விடமாட்டார்கள். கீழே அலிபிரியில் பைகளை எல்லாம் சோதனை போட்டுவிட்டு நேரம் போட்ட சீட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். மற்ற ஊரில் எல்லாம் லேட்டாகப் போனால் திட்டு விழும். இங்கே சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தால்தான் கேள்வி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லவந்த சங்கதி முழுவதும் அந்த இரண்டு சாலைக்குள்ளேதான் சுற்றிச் சுற்றி நடந்தது.

அந்த மலையில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஜீப் ஓட்டியிருக்கிறேன். பிறந்தது பிச்சாட்டூர் பக்கம், குடித்தனம் திருச்சானூரில். வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன் என்று என்னைப்பற்றிச் சொல்வார்கள். ஒரு கீறல் உண்டு. அது மலையில் விழுந்ததில்லை. எங்கள் வாசலில் என் மனைவி போட்டு வைத்திருந்த ஆட்டுக்கல்லில் இடித்து விழுந்தது. அந்தக் கல்லை நகர்த்து நகர்த்து என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடித்த பிறகு அவள், "நாப்பது வளைவு தெரியுது, வூட்டு வாசல் தெரியல" என்றாள். கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

வேன் ஓட்டுகிறவர்களுக்குத் திருப்பதியில் ஒரு சங்கம் உண்டு. புதிதாகச் சேர்கிற பையன்களில் பாதிப் பேர் சமவெளியில் ஓட்டிப் பழகினவர்கள். அவர்கள் மலையை விட்டு இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருவார்கள். பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் சூடாகி ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாசனை வரும். அந்த வாசனை வந்துவிட்டால் அப்புறம் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. கியரைக் குறைத்துப் போட்டு, வண்டியை இஞ்சினே பிடித்துக்கொள்ளும்படி இறக்கவேண்டும். சொன்னால் தலையை ஆட்டுவார்கள். மறுநாள் அதே வாசனை.

சங்கத் தலைவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "பெரியவரே, வாயால சொன்னா எவனும் கேக்க மாட்டன்றான். போன்ல படமா காட்டினாத்தான் பாக்கறான். ஒரு வீடியோ எடுக்கப் போறோம். நீ ஓட்டிக் காட்டு" என்றார். மலையில் படம் பிடிக்க இரண்டு நாளைக்கு அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் புது டிரைவர்களுக்குப் போட்டுக் காட்டவேண்டும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி நகரிக்காரி. அவர்கள் ஊரில் தறிச்சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். "ஆமா, பெரிய ஈரோ" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, மஞ்சள் சட்டையை இஸ்திரி போட எடுத்துக்கொண்டு போனாள்.

படம் எடுக்க வந்தது சித்தூரிலிருந்து ஒரு பெண். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இதுதான் முதல் வேலை. என்னைப் பார்த்ததும் "பெரிப்பா" என்று கூப்பிட்டாள்.

"இன்னா இன்னா எடுக்கணும்னு எழுதி வெச்சிக்கினியாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் மண்டைல கீது பெரிப்பா. நீங்க சும்மா ஓட்டுங்க, நான் புடிச்சிக்கிறேன்."

சரி என்று ஓட்டினேன். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் முகத்தையே பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தாலும் கொஞ்சம் சிரித்த முகமாகவே வைத்துக்கொண்டேன். மேலே போய், இறங்கும் சாலையில் கீழேயும் வந்து சேர்ந்தோம். வண்டியை நிறுத்தியதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ பெரிப்பா, கியர் போடற கைய எடுக்கவே இல்ல. கொஞ்சம் பின்னால போலாமா?"

"பின்னாலயா? ஏம்மா, இது இன்னா சந்தைப்பேட்டையா? மறுபடி அலிபிரி போயி, சோதன போட்டு, மேல ஏறி, இறங்கித்தான் அந்த எடத்துக்கு வரணும்."

அவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஒரு கையைப் பிடிப்பதற்காக ஒரு மலையைச் சுற்றவேண்டும்.

இரண்டாவது சுற்றில் கையைப் பிடித்தாள். ஆனால் பெரிய வளைவு வந்த நேரத்தில் மதில்மேல் ஒரு குரங்கு குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா அந்தப் பக்கம் போய்விட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே நாற்பது வருஷமாக அந்தக் குரங்குகளைப் பார்க்கச் சலித்ததில்லை. மறுபடி கீழே வந்து மறுபடி அலிபிரி. சோதனை போடுகிற ஆள் என்னைப் பார்த்து, என்ன பெரியவரே என்று தெலுங்கில் ஆரம்பித்துச் சிரித்தான்.

"ஏமி பெத்தாயனா, இன்னைக்கு மூணாவது தபா. சாமி உன்ன வுட மாட்டன்றாரா, நீ சாமிய வுட மாட்டன்றயா?"

மூன்றாவது சுற்றில் எல்லாவற்றையும் பிடித்தாள். அதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. நானும் நடுவில் எப்போதோ வியர்வைக்குத் தலையில் துண்டைக் கட்டியிருந்தேன். அதை இரண்டுபேரும் கவனிக்கவில்லை. அனுமதியில் ஒருநாள் போய்விட்டது.

சாயங்காலம் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, லேப்டாப்பில் துண்டுகளைச் சேர்த்துப் போட்டுக் காட்டினாள். என் மனைவியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குந்தினாள். படம் ஓடியது. வளைவுக்கு முன்னால் நான் வெறுந்தலை. வளைவில் துண்டு. வளைவு தாண்டினால் மறுபடி வெறுந்தலை. வெயில் இருக்கிறது, இல்லை, மறுபடி இருக்கிறது.

"இன்னாய்யா இது? ஒரு வளைவு திரும்பறதுக்குள்ள துண்டக் கட்டி அவுத்துட்ட. கை ஸ்டேரிங்குல இருந்திச்சா துண்டுல இருந்திச்சா?" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எனக்கு வேறொன்று உறுத்தியது. ஒரு இடத்தில் மலை என் வலது பக்கம் இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் இடது பக்கம் போய்விட்டது.

"இந்தப் படத்துண்டு ஏற்ற ரோட்டுல எடுத்ததாம்மா?"

"ஆமா பெரிப்பா. எறங்கும்போது அது சரியா வரல, அதான் ஏறும்போது எடுத்தத வெச்சேன். கை ஒண்ணுதானே? யாருக்குத் தெரியப்போவுது?"

"டிரைவருக்குத் தெரியும். இஞ்சின் மொனகறதே வேற. மலை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் எகிறிக் குதிக்குது. கூட்டத்துல போட்டா அத்தினி பேரும் விசிலடிப்பானுங்க."

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது. அவள் அப்பா. "ஆவுது நைனா, ஆவுது" என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிட்டாள். என் மனைவி வைத்த உப்புமா தட்டில் அப்படியே இருந்தது. துன்னு துன்னு என்று இரண்டு தடவை சொன்ன பிறகு அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் படத்தை ஏற்றுக்கொண்டால் அவள் இந்த வேலையிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் கேமராவை மூட்டை கட்டிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அவள் நைனாவும் அவளும் பேசி முடித்த ஒப்பந்தம் அது.

"ஸ்கூலு மோசமில்ல பெரிம்மா. ஆனா அங்க குந்திக்கினு இருந்தா எனக்குக் கொட்டாவியாவே வருது" என்றாள் என் மனைவியிடம்.

இந்த இடத்தில் பலமனேர் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. இதைக்கூட நான் வாயால் சொல்ல இன்னொருவர்தான் எழுதுகிறார். அந்தக் காலத்தில் ஒரு பெண்வீட்டுக் கூட்டத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பலமனேர் போனேன். பத்திரிகையை என் கையில் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்குது" என்றார்கள். படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, தலையை ஆட்டி, முதலில் மேளச்சத்தம் கேட்ட மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே பன்னீர் தெளித்தார்கள். உட்காரவைத்து இட்லி, பொங்கல், கேசரி எல்லாம் போட்டார்கள். இரண்டாவது தடவை கேசரி வாங்கும்போதுதான் பெண்ணின் சித்தப்பா மேடையைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, மாப்பிள யாரு இது?" என்றார். அன்றிலிருந்து யார் வழி சொன்னாலும், ஒரு குச்சியைக் கையில் கொடுத்து மண்ணில் கோடு போட்டுக் காட்டு என்பேன். கோடு போடும்போதுதான் சொல்கிறவனுக்கே எது தெரியும் எது தெரியாது என்று வெளியே வரும். "இங்க ரைட்டு... இரு இரு, லெப்ட்டு" என்று அழித்து அழித்துப் போடுவான். மண்ணில் அழிப்பதற்கு டீசல் ஆகாது.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கேசரியைக் கேட்டுச் சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"பெரிப்பா, இதுக்கு எங்க கேமரா படிப்புல பேரே கீது. ஸ்டோரிபோர்டு. படம் எடுக்கறதுக்கு முன்னாடி, ஒண்ணு ஒண்ணா கட்டம் போட்டு, எந்தக் கட்டத்துல இன்னா தெரியணும்னு வரஞ்சி வெக்கிறது. சார் தலபாடா அடிச்சிக்கினாரு. அதெல்லாம் பெரிய சினிமாவுக்கு, இத்துனூண்டு படத்துக்கு எதுக்குன்னு வுட்டுட்டேன்."

"இத்துனூண்டு படந்தான். மலை இத்துனூண்டு இல்லியே."

பேப்பர் தேடினோம். மாதக் காலண்டரின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். என் மனைவி, சாமி படத்துக்குப் பின்னால் கிறுக்கக்கூடாது என்று பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு உரக்கடைக் காலண்டரைக் கொடுத்தாள். அதில் தக்காளிதான் இருந்தது. தக்காளிக்குப் பின்னால் கட்டம் போட்டோம்.

அவளுக்கு வரையவே வராது. அவள் போட்ட ஜீப் தீப்பெட்டி மாதிரி இருந்தது, அதற்குள் நான் ஒரு குண்டூசி. எனக்கும் வராது. ஆனால் சாலை எனக்கு வரும். மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு கயிற்றைப் போட்ட மாதிரி வளைத்து வளைத்துப் போட்டேன். எந்த வளைவில் எதிரே பள்ளம் தெரியும், எங்கே ஓரம் கட்ட இடம் உண்டு, எங்கே பையன்கள் பிரேக்கை மிதிப்பார்கள் என்று அந்தக் கயிற்றில் புள்ளி வைத்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் ஒரு கட்டம் போட்டாள். மொத்தம் இருபதுக்கு மேல் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் துண்டு இல்லாத தலை. அதில் மட்டும் அவள் ரொம்பக் கறார்.

முடிந்ததும் தரையில் வரிசையாகப் பரப்பினோம். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் நடந்து பார்த்தாள்.

"ஏம்மா, இந்தாளு மூஞ்சி எதுக்கு இத்தினி கட்டத்துல? கண்ணாலத்துக்கா காட்டப் போறீங்க?"

"அவருதானே பெரிம்மா ஓட்டறாரு?"

"ஓட்டறாரு. ஓட்டறப்ப அவரு மூஞ்சி அவருக்குத் தெரியுமா? ஓட்டறவனுக்கு ரோடுதானே தெரியும்? ரோடு எங்க? நான் பக்கத்துல குந்திக்கினு போனா பாக்கறத வரஞ்சி வெச்சிக்கிறீங்க. நான் இன்னா ஓட்டவா போறேன்?"

நாங்கள் இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதல்நாள் முழுக்கக் கேமரா பக்கத்து சீட்டிலேயே இருந்தது. மூன்று சுற்றையும் ஒழுங்காக எடுத்திருந்தாலும் படம் தப்பாகத்தான் வந்திருக்கும். நான் இறங்குவதை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். தான் இறங்குவதாக ஒருவனுக்கும் தோன்றாது. இருபது வருஷம் என்கூட வண்டியில் வந்தபோதெல்லாம் கடலை தின்றுகொண்டே வந்தவள், மூன்று மலைச்சுற்றில் எங்களுக்குத் தெரியாததைத் தரையில் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டாள். எழுத்தாக எழுதியிருந்தால் அவளும் படித்திருக்கமாட்டாள், நானும் படித்திருக்கமாட்டேன்.

தக்காளிக் காலண்டரில் இன்னும் தாள் இருந்தது. மறுபடி போட்டோம். இந்தத் தடவை கேமரா என் தோளுக்குப் பின்னால். கட்டத்தில் பெரியதாகச் சாலை, கீழே ஓரமாக என் கையும் கியரும். அப்போது எந்தக் கட்டத்தில் வண்டிக்கு வெளியே சாலை தெளிவாகத் தெரியவேண்டும், எந்தக் கட்டத்தில் வண்டிக்கு உள்ளே கையும் காலும் தெரிந்தால் போதும் என்று பிரிக்கவேண்டும் என்றாள் அந்தப் பெண். கலர் பென்சில் இல்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து, உள் கட்டத்துக்கு மஞ்சள், வெளிக் கட்டத்துக்குக் குங்குமம் என்று பொட்டு வைத்தாள். பரப்பி வைத்ததைப் பார்த்தால் நோன்பு வீடு மாதிரி இருந்தது. உப்புமா ஆறிப்போயிருந்தாலும் அந்தப் பெண் முழுசாகத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள்.

மறுநாள் காலையில் அலிபிரியில் அதே ஆள். "ஏமி பெத்தாயனா, இன்னைக்கு எத்தினி தபா?" என்றான். தெரியாது என்றேன்.

மேலே போனால் பனிமூட்டம். முன்னால் போகிற பஸ்ஸின் பின்விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. பள்ளமும் இல்லை, வளைவும் இல்லை, எல்லாம் பால். இதுதான் கடைசி நாள். முதல்நாள் மாதிரி இருந்திருந்தால் பனி விலகட்டும் என்று அங்கேயே குந்தியிருப்போம், அல்லது கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கீழே போய் அழுதிருப்போம்.

அவள் காலண்டர் தாள்களை மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"பெரிப்பா, மஞ்ச பொட்டு வெச்சது பதினொண்ணு கீது. அதுக்கு வெளிய தெரியவே தேவல. இந்தச் சுத்துல அத மட்டும் முடிச்சிடலாம். வெய்யில் வந்தப்புறம் இன்னொரு சுத்து, குங்குமம்."

"பனில ரோடு எப்பிடி..."

"ரோட்ட நீங்க பாருங்க. நான் கையத்தான் பாக்கப் போறேன்."

அப்படியே செய்தோம். மெதுவாக, விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எந்த வளைவில் கை, எந்த வளைவில் கால், எங்கே கண்ணாடி என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. போட்டவர்களுக்கே கட்டம் மனப்பாடமாகியிருந்தது. வழியில் குரங்குகளும் இருந்தன. அவள் தலையைத் திருப்பவில்லை. நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாவது சுற்று ஏறும்போது வெயில் வந்துவிட்டது. பனி கழுவிவிட்ட மலை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குங்குமக் கட்டம் எல்லாம் ஒரே இறக்கத்தில் முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். என் மனைவி, "அதுக்குள்ளயா? மலை ஏதாவது கொறஞ்சி போச்சா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் புதுப் பையன்கள். பின்னால் சுவரோரமாக என் மாதிரி பழைய ஆட்கள், கையைக் கட்டிக்கொண்டு. டிரைவர்கள் கூட்டத்தில் அடுத்தவன் ஓட்டுவதை மெச்சுகிற பழக்கம் கிடையாது. அந்தப் பெண் புரொஜெக்டர் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் விசிலடித்தாலும் அவளுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். திரை முழுக்கச் சாலை. கீழ் ஓரத்தில் என் கை. நான் திரையைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த சாலைதானே. முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் பேசவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

முதல் பெரிய வளைவு வந்தது. எதிரே பள்ளம் திறந்தது. முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு வலது கால்கள், ஒன்றாக, தரையை அழுத்தி மிதித்தன. நாற்காலிகள் எல்லாம் ஒரு கிறீச். பின்னால் சுவரோரத்துக் கிழவர்கள் குபீர் என்று சிரித்துவிட்டார்கள். "மெதி, மெதி! நாத்தம் வருதா பாரு!" என்று ஒருவர் கத்தினார். பையன்களும் தங்கள் காலைத் தாங்களே பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். சிரிப்பு படத்தைப் பார்த்தா, காலைப் பார்த்தா என்று அவளுக்குப் புரியவில்லை. நான் கையை அசைத்து, பொறு என்றேன்.

படம் போய்க்கொண்டே இருந்தது. வளைவுக்கு முன்னால் என் இடது கை கியரைக் குறைக்கிறது, இஞ்சின் பிடித்துக்கொண்டு உறுமுகிறது, வண்டி அடங்கித் திரும்புகிறது. அடுத்த வளைவு. கால்கள் கொஞ்சம் மிதித்தன. அதற்கு அடுத்தது. அப்புறம் ஒரு வளைவு வந்தபோது, அது எத்தனையாவது என்று எண்ணவில்லை, முன்வரிசையில் ஒரு பையனின் இடது கை தானாக மடியிலிருந்து எழுந்து, இல்லாத கியரைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. பக்கத்தில் இருந்தவன் கையும் எழுந்தது. கடைசி வளைவு வரும்போது முன்வரிசை முழுக்க இடது கைகள் காற்றில் கியர் போட்டுக்கொண்டிருந்தன. சுவரோரத்துக் கிழவர்கள் கட்டின கையை அவிழ்த்திருந்தார்கள்.

விளக்கு வந்தது. சங்கத் தலைவர் எழுந்து, தொண்டையைக் கனைத்து, பெரிதாக ஏதோ பேசப்போகிறார் என்று பார்த்தால், "இன்னொரு தபா போடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் மறுபடி எழுந்து, "அடுத்த மாசம் ஏற்ற ரோடு. அதுக்கும் நீயே வந்துடு" என்றார்.

இரண்டாவது தடவை படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். டீ சொல்ல நானும் வெளியே வந்திருந்தேன்.

"நைனா, ஸ்கூல்ல வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. ஆமா. இல்ல, யாரும் விசிலடிக்கல. மிதிச்சாங்க. அட, படத்த இல்ல நைனா, பிரேக்க!"

மறுபக்கத்தில் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அவள் வெயிலில் நின்றுகொண்டு, முதல் வளைவிலிருந்து, ஒவ்வொரு கட்டமாக அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.